ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் சைக்கிள்: துலிப் வயலும் கடலும் சேர்த்துப் பார்க்க எந்த வழி நல்லது?

நித்யா_ஐந்தோவன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசி வாரம் தம்பி குடும்பத்தோட ஸ்டுட்கார்ட்லேர்ந்து வர்றான். அவன், அவன் மனைவி, 9 வயசுப் பையன், கூட நான். ஒரு நாள் முழுக்க சைக்கிள்லயே சுத்தணும்னு ஆசை. துலிப் வயல் பாக்கணும், கடலையும் பாக்கணும், அவ்வளவுதான் என் கணக்கு. தம்பி ஒருபடி மேல போய், கியூகன்ஹாஃப் தோட்டம், கின்டர்டைக் காற்றாலை, கடற்கரை மூணையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்னு வரைபடத்துல கோடு போட்டு அனுப்பியிருக்கான். 90 கிலோமீட்டருக்கு மேல வருது. "நெதர்லாந்து தட்டையான ஊருதானே, என்ன கஷ்டம்"னு கேக்கறான்.

நான் தினமும் ஆபீஸுக்கு சைக்கிள்தான். ஆனா வீட்டுலேர்ந்து ஆபீஸ், ஆபீஸ்லேர்ந்து வீடு, அதைத் தாண்டிப் பழக்கமில்ல. தம்பி மனைவிக்கு நல்லா ஓட்டத் தெரியும், கார் பக்கத்துல வந்தா மட்டும் பயம். பையன் கால்பந்து ஆடற பையன், தெம்பு இருக்கு, பொறுமை இல்ல.

எங்க ஆரம்பிக்கலாம்? சைக்கிள அங்கேயே வாடகைக்கு எடுக்கறதா, ரயில்ல ஏத்திட்டுப் போறதா? பாதியில பையன் முடியலன்னு உக்காந்துட்டா என்ன பண்றது? தம்பி மனைவி சைவம், முட்டை சாப்பிடுவா. வழியில என்ன கிடைக்கும்?

மணல்மேட்டுக்காரன்:

நித்யா, மொதல்ல தம்பி போட்ட கோட்டை அழிச்சிடுங்க. கின்டர்டைக் ரோட்டர்டாமுக்குக் கிழக்கே கிடக்கு. துலிப் வயல் லைடனுக்கு வடக்கே. ரெண்டையும் சேத்தா நாள்ல பாதி ஊருக்குள்ள சிக்னல் சிக்னலா நின்னே போயிடும். கியூகன்ஹாஃபையும் அன்னிக்கு விட்டுடுங்க. தோட்டத்துக்குள்ள போனா மூணு மணி நேரம் சாதாரணமா ஓடிடும், டிக்கெட்டும் நேரம் குறிச்சு எடுக்கணும். வெளியில ரோட்டோரமே வயல் வயலா பூத்துக் கிடக்கும்போது உள்ள வரிசையில நிக்கறதுல எனக்கு இஷ்டம் கிடையாது. அதுக்குன்னு வேற ஒரு நாள் போங்க.

நான் ஹார்லெம்ல இருக்கேன். வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கூட்டிட்டுப் போற வழி இதுதான்: லைடன், வார்மொன்ட், சாசன்ஹைம், லிஸ்ஸ, தெ ஸில்க், அங்கேர்ந்து கடலோர மணல்மேடு, அப்படியே வடக்கே ஸாண்ட்ஃபோர்ட், ப்ளூமன்தால் கடற்கரை, கடைசியா ஹார்லெம். சுத்தி வளைச்சு 45லேர்ந்து 50 கிலோமீட்டர் வரும். காலையில 10 மணிக்குக் கிளம்பினா, நின்னு நிதானிச்சு, சாயங்காலம் 6 மணிக்கு வந்து சேரலாம். அந்த வாரத்துல ராத்திரி 9 மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம்.

இந்த வழிய நான் விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கறதுக்குக் காரணம் அழகு மட்டும் இல்ல, ரயில். லைடன்-ஹார்லெம் பாதை 1842லேர்ந்து ஓடுது. நீங்க போற வழிக்குப் பக்கவாட்டுலயே கூட வரும். ஃபோர்ஹவுட், ஹில்லெகொம், ஹேம்ஸ்டேடேன்னு நடுவுல ஸ்டேஷன் இருக்கு. ஸாண்ட்ஃபோர்ட்ல கடற்கரையிலேர்ந்து நடக்கற தூரத்துலயே ஸ்டேஷன், பத்து நிமிஷத்துல ஹார்லெம். பையன் உக்காந்துட்டான்னா தம்பியும் அவனும் அங்க ரயில் ஏறட்டும், நீங்க ரெண்டு பேரும் ஓட்டிட்டு வாங்க. சண்டையே வராது.

இப்ப முக்கியமான விஷயம். லைடன்லேர்ந்து ஹார்லெம் போறதா, ஹார்லெம்லேர்ந்து லைடன் போறதாங்கறத முதல் நாள் ராத்திரி வரைக்கும் முடிவு பண்ணாதீங்க. காத்து முடிவு பண்ணட்டும். "தட்டையான ஊருதானே"ன்னு தம்பி கேட்டதுக்கு பதில் இதுதான்: இங்க ஏத்தம்னா அது காத்துதான், அதுக்கு உச்சியும் கிடையாது, இறக்கமும் கிடையாது. எதிர்க்காத்துல சைக்கிள் ஓட்டறதுக்குன்னே இங்க ஒரு தேசியப் போட்டி நடக்குது. சீலாந்துல ஓஸ்டர்ஸ்கெல்ட தடுப்பணை மேல எட்டரை கிலோமீட்டர், கியர் இல்லாத சாதா சைக்கிள், புயல் மாதிரி அடிக்கற நாளாப் பாத்து வெப்பாங்க. இவங்க இதை விளையாட்டா எடுத்துக்கறாங்க, 9 வயசுப் பையன் எடுத்துக்க மாட்டான்.

வருஷத்துல பெரும்பாலும் தென்மேற்குக் காத்து. அப்படி அடிச்சா லைடன்ல ஆரம்பிங்க, முதுகுல தள்ளிவிடும். ஆனா ஏப்ரல்ல வடக்கும் வடகிழக்கும் அடிக்கடி அடிக்கும். அப்ப ஹார்லெம்ல ஆரம்பிச்சு, காலையில கடல், மத்தியானம் வயல்னு திருப்பிக்கங்க. பகல்ல வெயில் நல்லா அடிச்சா இன்னொண்ணும் நடக்கும். நிலம் சூடாகும், கடல் அப்பவும் 10 டிகிரி பக்கத்துலதான் இருக்கும், மத்தியானத்துக்கு மேல கடல்லேர்ந்து சில்லுனு ஒரு காத்து கிளம்பும். லிஸ்ஸல டி-ஷர்ட்ல இருந்தவங்க ஸாண்ட்ஃபோர்ட்ல நடுங்குவாங்க. ஆளுக்கு ஒரு ஜாக்கெட் பையில கட்டாயம் இருக்கணும்.

வயல் பத்தி. சாசன்ஹைம் தாண்டினதும் பெரிய ரோட்டை விட்டுட்டு, வாய்க்கால் ஓரமா போற சின்ன ரோடுகள்ல புகுந்துடுங்க. துலிப் ஏப்ரல் நடுவுலேர்ந்து மே முதல் வாரம் வரை. நீங்க வர்றப்ப டாஃபடில் பூ முடிஞ்சிருக்கும், ஹயசிந்த் பூ மிச்சம் மீதி இருந்தா வாசனை முன்னாடியே சொல்லிடும், வயல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னால மூக்குக்குத் தெரியும். இறங்கி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்க. சேறு இல்ல, களிமண் இல்ல, கடற்கரை மணல். இந்த வயலெல்லாம் ஒரு காலத்துல மணல்மேடுதான். மேட்டை வெட்டி, மணலைப் படகுல ஏத்தி ஊர்களுக்கு வித்துட்டு, சமமாக்கின நிலத்துல பூக்கிழங்கு போட்டாங்க. சுத்தி ஓடற வாய்க்கால்ல தண்ணி மட்டத்தை எப்பவும் ஒரே உயரத்துல பிடிச்சு வெச்சிருப்பாங்க. அதிகமானா கிழங்கு அழுகிடும், குறைஞ்சா காஞ்சிடும்.

ஒரு விஷயம் தம்பி மனைவிகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. நேத்து சிவப்பா இருந்த வயல் இன்னிக்கு வெறும் பச்சையா நிக்கலாம். இவங்க விக்கறது பூவை இல்ல, கிழங்கை. பூ நல்லா விரிஞ்சு, நோய் கண்ட செடிகளைப் பொறுக்கினதும், மெஷினை விட்டுத் தலையைச் சீவிடுவாங்க, சத்து கிழங்குக்கு இறங்கணும்னு. சீவின இதழ் வரப்பெல்லாம் சிதறிக் கிடக்கும். அந்த மூலையில நின்னு போட்டோ எடுத்தாலே போதும், உள்ள இறங்காதீங்க. செருப்புல ஒட்டற மண்ணுலேர்ந்து நோய் பரவும், கிழங்கும் மிதிபடும். விவசாயிங்க இப்பல்லாம் கயிறு கட்டி போர்டு வெச்சிருக்காங்க, பாவம்.

தெ ஸில்க் வந்ததும் இடது பக்கம் காடு மாதிரி மணல்மேடு தெரியும், ஒரு கேட்டும் இருக்கும். அதுல நுழையாதீங்க. அது ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிதண்ணி தர்ற மணல்மேடு, 1853லேர்ந்து. உள்ள சைக்கிளுக்கு அனுமதி இல்ல, நடக்கறவங்களுக்கு மட்டும்தான். நீங்க அதோட தெற்குப் பக்கமா சுத்திட்டு லாங்கவெல்டர்ஸ்லாக் கடற்கரைப் பக்கம் வந்துடுங்க. அங்கேர்ந்து ஸாண்ட்ஃபோர்ட் வரைக்கும், அந்தத் தண்ணிக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவுல, சைக்கிளுக்குன்னே ஒரு பாதை. கார் கிடையாது. தம்பி மனைவிக்கு இதுதான் நாளோட சொர்க்கம்.

இந்தப் பத்து கிலோமீட்டர்ல தட்டைங்கற பேச்சு எடுபடாது. பாதை மேடும் பள்ளமுமா வளைஞ்சு வளைஞ்சு போகும். ரெண்டு பக்கமும் முள்ளுப் புதர், வெளிர் பச்சை நாணல் புல்லு, நடுநடுவுல போர்க்காலத்து ஜெர்மன் பங்கர் கான்கிரீட் மூலை நீட்டிக்கிட்டு இருக்கும். கடல் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், கடல் கண்ணுல படாது. பையன் "எங்க, எங்க"ன்னு கேட்டுக்கிட்டே வருவான். கரைக்கு வழி விட்டிருக்கற இடத்துல சைக்கிளை வேலியில பூட்டிட்டு ஏறிப் பாருங்க. சைக்கிளை மணல்ல இறக்காதீங்க, செயின்ல புகுந்த மணல் அப்புறம் ஹார்லெம் வரைக்கும் நறநறன்னு பாடிக்கிட்டே வரும். கூட்டமா மான் நிக்கும், புள்ளி மான் மாதிரியே இருக்கும், பயப்படாது. ஆனா வாரக்கடைசின்னா ரேஸ் சைக்கிள்காரங்க பத்து பேர் சேந்து பறந்து வருவாங்க. வளைவுல எல்லாம் வலது ஓரமா ஒருத்தர் பின்னால ஒருத்தர் போங்க. பையன் முன்னால, பெரியவங்க பின்னால.

ஸாண்ட்ஃபோர்ட்ல சாப்பிட்டுட்டு, ப்ளூமன்தால் கடற்கரை வரைக்கும் நேரா போய், அங்க உள்பக்கம் திரும்பினா தெற்கு கென்னமெர்லாந்து தேசியப் பூங்கா. அதுல வேலி போட்ட ஒரு பகுதியில 2007லேர்ந்து ஐரோப்பியக் காட்டெருமை வளக்கறாங்க. கண்ணுல படும்னு பையன்கிட்ட வாக்கு குடுத்துடாதீங்க. ஓவர்வேன் வழியா ஹார்லெம் இறங்குங்க.

தம்பிக்குக் காற்றாலை பாத்தே ஆகணும்னா ஹார்லெம்லயே ஸ்பார்ன ஆத்தங்கரையில தெ ஆட்ரியான் இருக்கு. 1779ல கட்டினது, 1932ல எரிஞ்சு போச்சு, எழுபது வருஷம் கழிச்சு 2002ல திரும்பக் கட்டினாங்க. அதுக்கு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, அடங்கிடுவான்.

ரோட்டர்டாம்_ராவுத்தர்:

மணல்மேட்டுக்காரர் சொன்னதுல எனக்கு ஒரே ஒரு மறுப்பு. கின்டர்டைக்கை இப்படித் தள்ளிவிட வேண்டாம். 19 காற்றாலை வாய்க்கால் ஓரமா வரிசையா, பெரும்பாலும் 1740 வாக்குல கட்டினது, 1997லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. ரோட்டர்டாம் எராஸ்மஸ் பாலத்துக்கிட்ட வாட்டர்பஸ் ஏறுங்க, சைக்கிளையும் ஏத்திக்கலாம். மறுநாள் அரை நாள் போதும். பையனுக்குப் படகும் ஆச்சு.

இன்னும் சில நடைமுறை விஷயம். ரயில்ல சைக்கிள் ஏத்தணும்னா தனியா டிக்கெட் எடுக்கணும், ஒரு சைக்கிளுக்கு நாள் முழுக்க ஒரே கட்டணம், ஏழெட்டு யூரோ ஆகும். வார நாள்ல காலை 6:30 முதல் 9 வரைக்கும், சாயங்காலம் 4 முதல் 6:30 வரைக்கும் ஏத்தக் கூடாது. ஏப்ரல் 27 ராஜா பிறந்தநாள், அன்னிக்கு ரயில்ல சைக்கிளே கூடாது. நீங்க சொல்ற வாரத்துலதான் வருது, தேதியைப் பாத்துக்கங்க. ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை நோர்ட்வைக்லேர்ந்து ஹார்லெம் வரைக்கும் பூ ஊர்வலம் போகும். பாக்க நல்லா இருக்கும், ஆனா ஊர்வலம் போற ரோடெல்லாம் அடைச்சிடுவாங்க. தேதி வருஷா வருஷம் மாறும்.

ஐந்தோவன்லேர்ந்து நாலு சைக்கிளை ஏத்தி இறக்கறது வேண்டாத வேலை. ரயில்ல சைக்கிளுக்கு இடமும் கொஞ்சம்தான். லைடன்லயே வாடகைக்கு எடுங்க. ரயில்வேயோட மஞ்சள்-நீல வாடகை சைக்கிள் மலிவு, ஆனா அதுக்கு சொந்தப் பேர்ல இங்கத்து ரயில் அட்டை வேணும். உங்க அட்டையில ரெண்டு எடுக்கலாம். பையன் அளவுக்கு அதுல கிடைக்காது. தனியார் கடையில முன்கூட்டியே சொல்லி வைங்க. இன்னொண்ணு, இந்த ஊர் ஆளுங்க நெட்டையா இருக்கறதால சைக்கிளும் நெட்டை. தம்பி மனைவிக்கு உயரம் குறைவான ஃப்ரேம் வேணும்னு போன்லயே சொல்லிடுங்க.

சுதா_ஆம்ஸ்டல்வேன்:

சாப்பாட்டுக்கு நான் சொல்றேன் நித்யா. கடற்கரைக் கொட்டகைகள்ல மீன்தான் ராஜா. பொரிச்ச மீன் துண்டு, வெங்காயத்தோட ஹெரிங். உங்க நாத்தனாருக்கு... மன்னிக்கணும், தம்பி மனைவிக்கு, பேன்கேக் தாராளமா கிடைக்கும். பெரிய தட்டு அளவு இருக்கும், சீஸ் போட்டது, ஆப்பிள் போட்டது. ரொட்டி மேல மூணு முட்டையை உடைச்சுப் பொரிச்சு ஒண்ணு தருவாங்க, பேர் அவுட்ஸ்மைட்டர். அதுல பன்றித் துண்டு வெக்கற வழக்கம் உண்டு, சீஸ் மட்டும் போதும்னு கேட்டு வாங்குங்க. சிப்ஸ் கடையில சீஸ் சூஃப்லேன்னு பொரிச்சது ஒண்ணு இருக்கு, உள்ள இருக்கற சீஸ் நாக்கைச் சுட்டுடும், பையனை ஊதிச் சாப்பிடச் சொல்லுங்க. க்ரோக்கெட் பெரும்பாலும் மாட்டிறைச்சி, தெரியாம வாங்கிடாதீங்க. லிஸ்ஸல ஆப்பிள் கேக் இல்லாத கடையே இல்ல.

நான் போனா ஒரு டப்பாவுல புளியோதரை எடுத்துட்டுப் போயிடுவேன். மணல்மேட்டுல உக்காந்து சாப்பிடறப்ப மூடியைத் திறந்து வெச்சிடாதீங்க, ஒரு காத்து அடிச்சா புளியோதரையில பாதி மணல். கடல்காக்கை வேற தலைக்கு மேலயே நிக்கும், கையில இருக்கறதைப் பிடுங்கிட்டே போகும்.

நித்யா_ஐந்தோவன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பிக்கு அப்படியே அனுப்பிட்டேன். "காட்டெருமை இருக்குன்னு ஏன் முன்னாடியே சொல்லல"ன்னு கேக்கறான், காற்றாலையை மறந்தாச்சு.

ரெண்டு சந்தேகம். ஒண்ணு, வழி கண்டுபிடிக்கறது. நான் போனைப் பாத்துக்கிட்டே ஓட்டற ஆள் இல்ல. ரெண்டு, தம்பி மனைவி ரோட்டு விதியை நினைச்சு இப்பவே கவலைப்படறா. என்ன தெரிஞ்சிருந்தா போதும்?

மணல்மேட்டுக்காரன்:

போனைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டறது 2019 ஜூலைலேர்ந்து சட்டப்படியே குத்தம், அபராதம் நூறு யூரோவுக்கு மேல. ஹேண்டில்ல மாட்டி வெச்சா தப்பில்ல. ஆனா உங்களுக்கு அது தேவையே படாது. பாதைகள் சேர்ற இடத்துல எல்லாம் எண் போட்ட சின்ன வெள்ளை போர்டு இருக்கும், பச்சை எழுத்து. வீட்டுலயே வரைபடத்துல பாத்து எந்தெந்த எண் வழியா போகணும்னு வரிசையா ஒரு காகிதத்துல எழுதி, பையன் சைக்கிள் ஹேண்டில்ல ஒட்டிடுங்க. "அடுத்தது எத்தனை"ன்னு அவனையே தேடச் சொல்லுங்க. பொறுமை இல்லாத பையன்னு சொன்னீங்களே, வேலை குடுத்தா வாயைத் திறக்க மாட்டான். பல சந்திப்புல ஆளுயர வரைபடப் பலகையும் நிக்கும், எண் தவறிப் போனாலும் அடுத்த பலகையில சரி பண்ணிக்கலாம். காட்டுப் பக்கம் முழங்கால் உயரத்துல காளான் மாதிரி வெள்ளையா ஒரு கல்லு இருக்கும், குனிஞ்சு பாத்தா தலையில ஊர்ப் பேரும் தூரமும் எழுதியிருக்கும்.

விதிக்கு: ரோட்டுல வெள்ளை முக்கோணம் வரிசையா உங்களைப் பாத்து முனை நீட்டிக்கிட்டு இருந்தா நீங்க நின்னு வழி விடணும். முதுகைக் காட்டினா எதிராளி விடணும். முக்கோணமும் இல்ல, போர்டும் இல்லன்னா வலது பக்கத்துலேர்ந்து வர்றவருக்கு வழி, அது சைக்கிளா இருந்தாலும் சரி, காரா இருந்தாலும் சரி. திரும்பறதுக்கு முன்னால கையை நீட்டணும். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல ஓட்டலாம், மூணு பேர் கூடாது. பாதையில நின்னு போட்டோ எடுக்காதீங்க, புல்லுல ஒதுங்கி நில்லுங்க. இங்கத்துக்காரங்க திட்ட மாட்டாங்க, மணி அடிப்பாங்க, அந்த மணியே திட்டற மாதிரிதான் இருக்கும்.

வாடகை சைக்கிள் பலதுல கைப்பிடி பிரேக் இருக்காது, பெடலைப் பின்னால மிதிச்சாதான் நிக்கும். சிக்னல்ல நின்னதும் பெடலைப் பின்னால சுத்தி சரி பண்ற பழக்கம் இருந்தா திணறிப் போவாங்க. கடை வாசல்லயே பத்து நிமிஷம் ஓட்டிப் பழகிட்டு கிளம்புங்க. பையனுக்கும் அதே. தம்பி மனைவிக்குக் கை பிரேக் இருக்கற மூணு கியர் வண்டி கேளுங்க, மின்சார சைக்கிள் கிடைச்சா இன்னும் நல்லது, எதிர்க்காத்து அவளை ஒண்ணும் பண்ணாது.

சைக்கிளை லைடன்ல திருப்பிக் குடுக்கணுமே, அதுக்கு வார நாளா இருந்தா 6:30 வரைக்கும் ஹார்லெம்லயே இருங்க. ஸ்டேஷனுக்கு அடியில காவலோட நிறுத்துமிடம் இருக்கு, முதல் 24 மணி நேரம் இலவசம். சைக்கிளை அங்க விட்டுட்டு நடந்தே க்ரோட்ட மார்க்ட் சதுக்கத்துக்குப் போயிடலாம். அங்க பெரிய தேவாலயத்துல 1738ல செஞ்ச ஆர்கன் இருக்கு, 1766ல மோட்சார்ட் வந்து வாசிச்சப்ப வயசு 10. உங்க பையனைவிட ஒரு வயசுதான் பெரியவன். சாயங்காலம் உள்ள விட மாட்டாங்க, வெளியிலேர்ந்து பாத்துட்டு சதுக்கத்துல உக்காந்து எதையாவது குடிங்க. 6:30 தாண்டி ரயில் ஏறினா 20 நிமிஷத்துல லைடன். கடை எத்தனை மணிக்குப் பூட்டறாங்கன்னு மட்டும் காலையிலயே கேட்டு வெச்சுக்கங்க. நிறைய கடை 6 மணிக்கே மூடிடும். அப்படி மூடறதா இருந்தா சாவியை எங்க போடணும்னு கேளுங்க, இல்லன்னா சனி ஞாயிறுல வாங்க, சாயங்காலத் தடையே இருக்காது.

முதல் நாள் ராத்திரி காத்து எப்படின்னு பாத்துட்டு இங்க ஒரு வரி போடுங்க, எந்தப் பக்கம்னு சொல்றேன்.

நித்யா_ஐந்தோவன்:

ஞாயிற்றுக்கிழமைன்னு முடிவு பண்ணியாச்சு, 27 இல்லைன்னும் பாத்தாச்சு. கடைக்குப் போன் பண்ணி உயரம் சொல்லிட்டேன். சனி ராத்திரி வந்து எழுதறேன் அண்ணா.